அதே எதிரணி, அடுத்த ஆட்டம்

மாக் மண்டினிலிருந்து ஒரு பள்ளிக் காற்பந்துக் குழு ஜார்ஜ்டவுனுக்குச் சென்று விளையாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5–1 என்ற கோல் கணக்கில் தோல்வி. ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது ஒருவன் நடுவரைக் குறை சொல்கிறான். இன்னொருவன் கோல் காவலரைக் குறை சொல்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பயிற்றுநர் மட்டும் எதுவும் பேசாமல் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். மறுநாள் மாலை திடலில் இந்த மாணவர்களிடம் அவர் என்ன சொல்ல வேண்டும்?

இதே கணக்கில் நம் தேசியக் குழுவும் ஒரு முறை தோற்றது. அப்போது இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தவர் டத்தோ கே. ராஜகோபால்.

1956ஆம் ஆண்டு கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் பிறந்த ராஜகோபால், சிலாங்கூர் குழுவிலும் தேசியக் குழுவிலும் தாக்குதல் ஆட்டக்காரராக விளையாடியவர். பின்னர் அவர் பயிற்றுநரானார். விளையாடியவர் பயிற்சி கொடுப்பது எளிதுதானே என்று நமக்குத் தோன்றலாம். உண்மையில் அது வேறொரு தொழிலை முதலிலிருந்து கற்பதைப் போன்றது. ஆட்டக்காரர் தவறு செய்தால் அடுத்த நிமிடமே ஓடிச் சென்று அதைத் திருத்திக்கொள்ளலாம். பயிற்றுநரால் திடலோரக் கோட்டைத் தாண்ட முடியாது. தமக்குத் தெரிந்ததையெல்லாம் ஆட்டத்திற்கு முன்பே பிறர் கால்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு, பிறகு நின்று பார்க்கத்தான் முடியும். உலகக் கிண்ணத்தை ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் வென்றவர்கள் பிரேசிலின் ஸகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பாவர், பிரான்சின் டெஷாம்ப் ஆகிய மூவர் மட்டுமே. இரண்டு வேலைகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை இதுவே காட்டும்.

2009ஆம் ஆண்டு ஜூலையில் ராஜகோபால் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரில் லாவோசில் சீ விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் ஆடியவர்கள் 23 வயதுக்குட்பட்ட இளைஞர்கள். முதல் சுற்றில் வியட்நாமிடம் 3–1 என்று மலேசியா தோற்றது. ஆனால், அந்தத் தோல்வியோடு குழு சோர்ந்துவிடவில்லை. தாய்லாந்தை வென்று அரையிறுதிக்குச் சென்றது. அங்கே லாவோசையும் வென்றது. டிசம்பர் 17ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரில் நின்றது அதே வியட்நாம்! வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே செலுத்திய பந்தினால் 1–0 என்று மலேசியா வென்றது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். ஆனால், முதல் சுற்றில் இவர்களிடம் மூன்று கோல்களை விட்ட குழு, இம்முறை ஒன்றைக்கூட விடவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டுக்குக் காற்பந்தில் தங்கம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டி வந்தது. எஸ். குணாலன் உள்ளிட்ட அந்த இளைஞர்கள் பலரை ராஜகோபால் மூத்தோர் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். 2010 டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியா 5–1 என்று மலேசியாவை வீழ்த்தியது. அனுபவமில்லாத பிள்ளைகளை நம்பியது தவறோ என்று எவருக்கும் ஐயம் எழக்கூடிய நாள் அது.

ராஜகோபால் அவர்களைக் கைவிடவில்லை. தாய்லாந்துடன் சமநிலை, லாவோசுக்கு எதிராக வெற்றி, அரையிறுதியில் வியட்நாமை வென்று இறுதிச் சுற்று. அங்கே காத்திருந்தது இந்தோனேசியா!

டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் முதல் இறுதி ஆட்டம் நடைபெற்றது. இடைவேளை வரை கோல் இல்லை. பிற்பாதியில் சாஃபி சாலி இரண்டு கோல்களையும் அஷாரி சம்சுடின் ஒரு கோலையும் அடித்தனர். 3–0! மூன்று நாள்களுக்குப் பின் ஜகார்த்தாவில் இரண்டாம் ஆட்டம். முற்பாதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி வாய்ப்புக் கிடைத்தது. 21 வயதுக் கோல் காவலர் கைருல் ஃபாமி அதைத் தடுத்துவிட்டார். அன்று 2–1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4–2 என வென்று மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. டிசம்பர் 31ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.

முதல் தோல்விக்கும் கிண்ணத்திற்கும் இடையே இருந்தவை வெறும் 28 நாள்கள். அதற்குள் ஒருவர் புதிய ஆட்டக்காரராக மாறிவிட முடியாது. ஆனால், எங்கே இடைவெளி விட்டோம், யாரைத் தனியே ஓட விட்டோம் என்று கண்டுகொள்ளலாம். நம் குறைகளை நமக்குத் தெளிவாகக் காட்டியது நம்மை வென்ற குழுதான். அந்த வகையில் அதுவும் நமக்கு ஓர் ஆசிரியரே.

பயிற்றுநரின் பாதை எப்போதும் வெற்றியில் முடிவதில்லை. 2012ஆம் ஆண்டு இதே போட்டியின் அரையிறுதியில் மலேசியா தாய்லாந்திடம் தோற்றது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் ராஜகோபாலும் அப்பொறுப்பிலிருந்து விலகினார். என்றாலும், தோற்ற பிள்ளைகளை அதே எதிரணியின் முன் மீண்டும் நம்பி நிறுத்திய அந்த 28 நாள்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன.

இனி, மாக் மண்டின் மாணவர்களிடம் திரும்புவோம். மறுநாள் மாலை திடலுக்கு வரும் பயிற்றுநர், யாரால் தோற்றோம் என்று கேட்க வேண்டியதில்லை. முதல் கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் போதும். ஒவ்வொருவரும் தாம் அப்போது நின்ற இடத்தைச் சொல்லட்டும். பிறகு பந்தை நடுவில் வைத்து, அந்த இடத்திலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம்.