‘தண்ணி குடிக்கப் போலாமா?’

“சனிக்கிழமை ராத்திரி தண்ணி குடிக்கப் போலாமா?”

தோழி இப்படிக் கேட்டதும் திகைத்துப் போனேன். வேலைக்காகக் கோலாலம்பூர் போய் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. “எனக்கு அந்தப் பழக்கம் எல்லாம் இல்லம்மா” என்று பவ்யமாகச் சொன்னேன். அலுவலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். மலேசியத் தமிழில் ‘தண்ணி குடிப்பது’ என்றால் டீயோ காபியோ குடிப்பதுதானாம். நம்மூரில் அந்தப் பாவப்பட்ட சொல்லுக்கு நேர்ந்த கதி அங்கே இன்னும் நேரவில்லை.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை அவளுடைய ஊரான தெமியாங்குக்குப் போனேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், செரம்பான் வந்துவிடும். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகர் இது. ‘ஒன்பது மாநிலங்கள்’ என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்களின் பூமி என்பதால், எருமைக் கொம்பைப் போல இரு பக்கமும் வளைந்து நிமிரும் கூரைகளை அரசு கட்டடங்களில்கூடப் பார்க்கலாம். தெமியாங், செரம்பான் நகரை ஒட்டியே இருக்கிறது. தெமியாங் என்பது மலாயில் ஒரு மூங்கிலின் பெயர். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளமாக இருப்பதால், காட்டில் வாழும் மக்கள் அதில் ஊதுகுழல் செய்து வேட்டையாடுவார்களாம்.

ஸ்டேஷனுக்குத் தோழி ‘காடி’யோடு வந்திருந்தாள். அவர்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர். சாலை என்றால் ‘சடக்கு’. காலை உணவு சாப்பிட்டாயா என்பதை ‘பசியாறிட்டியா?’ என்று கேட்கிறார்கள். நாம் தொலைத்துவிட்ட சொற்களையும் நமக்கு வந்து சேராத சொற்களையும் அவர்கள் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதைக் கேட்க, வானொலிக்காரியான எனக்கு அலுக்கவே இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். பல கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். பெரிய திரையில் கால்பந்து ஓடியது. எங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், இந்தப் பக்கம் நான்கு சீனப் பையன்கள். “தே தாரிக் ரெண்டு, ஒண்ணு குராங் மானிஸ்” என்றாள் தோழி. சர்க்கரை குறைவாக என்று பொருள். இரண்டு குவளைகளுக்கு நடுவே டீயை ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினார் மாஸ்டர். கூடவே ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு. இரண்டு பெண்கள் நள்ளிரவில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதே எனக்கு முதல் ருசியாக இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“உங்க சொந்த ஊர் எது?”

“தெமியாங்தான். இப்போ உட்கார்ந்திருக்கோமே.”

“அது சரி. தமிழ்நாட்டுல எந்த ஊர்?”

அவள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். கோபம் இல்லை. பல பேர் கேட்டுச் சலித்த கேள்வி என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

“எங்க பாட்டிக்கே தெரியாது லா. அவங்களும் இங்கதான் பொறந்தாங்க.”

பாட்டியின் அப்பா கங்காணியோடு கப்பலேறி வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறியது மட்டும் குடும்பத்தில் நினைவிருக்கிறது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்கள் ஆயின. அங்கே பால் வெட்ட நம் கிராமங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. பாட்டி பிறந்தது லயத்து வீட்டில். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பது, உளியோடு நிரைக்குப் போவது, மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் பொறுக்குவது. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

“ஆனா கடைசி வரைக்கும் அவங்க ஐசி சிவப்புதான்” என்றாள்.

மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை நீல நிறம். நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டு, குடியுரிமை இல்லை என்றால் சிவப்பு. 1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது, விண்ணப்பம், பிறப்புப் பத்திரம், மொழித் தேர்வு என்று அலைய எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்ணுக்கு யார் வழிகாட்டினார்கள்? 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று ஆனது. ஆயிரக்கணக்கானோர் தாங்கள் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி போகவில்லை.

“எலெக்ஷன் அன்னிக்கு நாங்க எல்லாரும் ஓட்டுப் போடப் போவோம். பாட்டி மட்டும் வீட்டைப் பார்த்துக்கிட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நேயர் விருப்பத்துல யார் பேரு வந்தாலும் தெரிஞ்சவங்க மாதிரி சிரிப்பாங்க.”

எனக்கு டீ இறங்கவில்லை. மூன்று வாரமாக நான் அங்கே வெளிநாட்டுக்காரி. என் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு முத்திரை. பாட்டி எண்பது வருடம் அங்கே வாழ்ந்தவர். அவருடைய அட்டையும் அதையேதான் சொன்னது. அந்த அட்டை செய்ததைத்தான் நானும் டீக்கடையில் செய்திருக்கிறேன். அவர் பேத்தியிடம் போய், ‘இது இல்லை, வேறு ஊர் சொல்லு’ என்று கேட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது தோழி இரண்டு டீ ‘புங்குஸ்’ சொன்னாள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். செனவாங் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவுக்காம். போகும் வழியில் ஒரு குடியிருப்புக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வாசல்தோறும் கார்கள். ரப்பரும் இல்லை, லயமும் இல்லை.

“பாட்டி சொன்ன கணக்குப்படி அந்த மூணாவது விளக்குக் கம்பம் இருக்குல்ல, அதுதான் பெரட்டுக் களம். இந்த வளைவுல எங்க லயம்.”

ஒரு வரைபடத்திலும் இல்லாத ஊரை அவள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் டீப் பை சூடாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்துச் சென்னை திரும்பி, மீண்டும் மைக் முன்னால் உட்கார்ந்தேன். காலை ஏழு மணி நேரலை. கையில் இருந்த தாளின் முதல் வரி: ‘கடல் கடந்து வாழும் நம் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.’ முன்பெல்லாம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அன்று வாய் வரவில்லை. கடல் கடந்தவர் பாட்டியின் அப்பா. பாட்டியோ, அம்மாவோ, தோழியோ எந்தக் கடலையும் கடக்கவில்லை. அவர்கள் பிறந்த ஊரில் இருக்கிறார்கள்.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். “சென்னையில கேட்கிறவங்க, மதுரையில கேட்கிறவங்க, தெமியாங்ல கேட்கிறவங்க எல்லாருக்கும் வணக்கம். பசியாறிட்டீங்களா?” என்றேன்.

முதல் பாட்டு முடிவதற்குள் தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. அங்கே மணி ஒன்பதரை தாண்டியிருக்கும்.

“அம்மா இப்பதான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாங்க. போன் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்றாங்க. பசியாறிட்டாங்களாம்.”