அத்தோவும் அடுத்த வீட்டு அடுப்பும்



நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கடந்த சில ஆண்டுகளாக உண்டாகியிருக்கும் மாற்றத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். கரையான்சாவடி சந்திப்பிலிருந்து குமணன்சாவடி வரை மெட்ரோத் தூண்களை ஒட்டி நடந்தால், அரபு நாட்டு மந்திச் சோறு, ஷவர்மா, மோமோ என்று எத்தனையோ பெயர்ப்பலகைகள். நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் அடுத்து எந்த நாட்டு உணவைச் சுவைக்கலாம் என்று திட்டமிடுகிறார்கள். மூத்தவர்களில் சிலர் இதைக் காசைக் கரியாக்குவது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் உண்பதை உண்டு பார்க்க ஆசைப்படுகிற நாவைக் குறை சொல்ல வேத வசனத்திலும் இடமில்லை. ஆனால், ஒரு தேசத்தாரின் உணவை விரும்புவதற்கும் அந்த உணவைச் சமைக்கிறவர்களை அருகில் ஏற்றுக்கொள்வதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேறொரு நாட்டின் உணவை நம் நகரத்திலேயே உண்ண வேண்டுமானால் எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்டபோது, ஆவடியில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குங்கள் என்றேன். எதிரே பர்மா பஜார். அதன் பின்புறம், பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில், மாலை நேரத்தில் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்பார்கள். பட்டையாக, ஆரஞ்சு நிறத்தில் வெந்திருக்கும் கோதுமை நூடுல்ஸ். அதில் பச்சை முட்டைக்கோஸ் சீவல், பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், வறுத்த மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித் தண்ணீர் ஊற்றித் தரும் மசாலா முட்டையும் உண்டு. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சட்டையில் வழியும்.

பர்மிய மொழியில் 'தோ' என்றால் கையால் பிசைந்து கலப்பது. நூடுல்ஸை அப்படிப் பிசைவார்கள், இஞ்சியைப் பிசைவார்கள், ஊறவைத்த தேயிலையைக்கூடப் பிசைந்து உண்பார்கள். நம் ஊரில் அந்தப் பொதுச்சொல்லே ஒரு பண்டத்தின் பெயராகிவிட்டது. மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ்தான் பர்மாவில் காலை உணவு. அதிலும் வாழைத்தண்டு உண்டு. அத்தோவுக்கு நாம் குடிக்கும் சூப்பு அந்தக் குழம்பை நினைவூட்டும்.

இந்த வண்டிகளை நடத்துகிறவர்கள் பர்மியர்கள் அல்லர், தமிழர்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்தபின், இராமநாதபுரம், தஞ்சாவூர், தென் ஆர்க்காடு பகுதிகளிலிருந்து நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். ஏழைகள் வயலிலும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தார்கள். கோயில்களும் மசூதிகளும் எழும்பின. ரங்கூனில் தமிழ்ச் சபைகளும் இருந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசியபோது, கப்பலில் இடம் கிடைக்காத திரளான ஜனங்கள் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் அநேகர். போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கும் அமைதி நீடிக்கவில்லை. 1962 மார்ச்சில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது ஒரே இரவில் வெறும் காகிதமானது. லட்சத்துக்கும் அதிகமானோர் மிகக் கொஞ்சப் பொருளோடு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தாய்நாடு என்று சொல்லப்பட்ட இந்த ஊரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அவர்கள் பிழைக்க ஒரு வழியாக 1969இல் கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் ஏற்பட்டது. வியாசர்பாடியிலும் வேறு இடங்களிலும் குடியிருப்புகள் உண்டாயின. இன்னும் சிலரால் இங்கே ஒட்டவே முடியவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு எல்லை வரை போனார்கள், உள்ளே விடவில்லை. மணிப்பூரின் எல்லையில் உள்ள மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மோரேயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே திரும்பி வருவோம்.

நம் சபையில் ஒரு மூத்த தாயார் இருக்கிறார்கள். சிறுமியாக அந்தக் கப்பலில் வந்தவர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அத்தோவைப் பற்றி விசாரித்தபோது அவர்கள் சொன்ன ஒரு காரியம் என் மனதை விட்டு நீங்கவில்லை. ரங்கூனில் அவர்கள் வீட்டுச் சமையலில் ஙப்பி இல்லாத நாள் கிடையாதாம். ஙப்பி என்பது மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டு நொதிக்கவைத்து அரைத்த விழுது. பர்மியச் சமையலுக்கு அதுவே உயிர். இங்கே வந்து குடிசையில் அடுப்பு மூட்டி, கொண்டுவந்திருந்த கொஞ்சம் ஙப்பியை வதக்கிய அன்றே அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். என்ன நாற்றம் இது, எதைச் சமைக்கிறீர்கள் என்று சத்தம். அவர்கள் தாயார் மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்களாம். "அதற்கப்புறம் எங்க அம்மா புளியையும் பூண்டையும் வைத்தே ஒப்பேற்றினாங்க, பாஸ்டர். ருசி வந்தது. ஆனா அது எங்க வீட்டு ருசி இல்ல" என்றார்கள்.

பாரிமுனையில் நாம் உண்ணும் அத்தோ பலவற்றில் மீன் வாசனையே இல்லாததைப் பற்றி நான் அதுவரை யோசித்ததில்லை. நம் மூக்குக்குப் பிடிக்கும்படி எத்தனையோ அடுப்புகளில் அது திருத்தப்பட்டிருக்கலாம். விருந்தாளியாகப் போய் அயல்நாட்டு உணவைச் சுவைத்ததாக நாம் மகிழ்கிறோம். ஏற்கெனவே யாரோ ஒரு தாயார் நமக்காக எதையோ புதைத்துவிட்டு அதைப் பரிமாறியிருக்கிறார்.

நாற்றம் என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். பழந்தமிழில் அதற்கு நறுமணம் என்றே பொருள், காலப்போக்கில் தலைகீழானது. பெருங்காயம் இல்லாமல் நமக்குச் சாம்பார் இல்லை, ரசம் இல்லை. அது ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு செடியின் பால். நூற்றாண்டுகளாக அங்கிருந்தே வாங்குகிறோம். இந்திய மண்ணில் அதைப் பயிரிடும் முயற்சியே 2020இல்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. ஐரோப்பியருக்கு அந்த வாசனை தாங்கமுடியவில்லை; பிசாசின் சாணம் என்று பெயர் வைத்தார்கள். நமக்கோ அது ஆசாரமான சமையலின் மணம். மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்கும் வீட்டுப் பெயர் சூட்டினார்கள். உலகத்துச் சமையலைத் தேடித் தொலைதூரம் போகிறவர்கள் முதலில் தங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். மெட்ரோ வேலைக்கும் அம்பத்தூர், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் உணவகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம்மிடையே குடியிருக்கிறார்கள். அவர்களில் நம்மைப் போலவே ஞாயிறுதோறும் ஆராதிக்கிறவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் மணிப்பூரைச் சேர்ந்த மூன்று சகோதரிகள் வீடு தேடித் தரும்படி என்னிடம் வந்தார்கள். இதற்குமுன் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்ன காரணம், அவர்கள் சமைத்த ஙாரியின் வாசனை. ஙாரி மணிப்பூரின் நொதித்த மீன். வேகவைத்த உருளைக்கிழங்கோடும் மிளகாயோடும் சேர்த்து மசித்தால் இரோம்பா. நான் விசாரித்த ஐந்து வீடுகளில் மூன்று வீட்டார், வாடகையைப் பற்றிக் கேட்குமுன் என்ன சமைப்பார்கள் என்று கேட்டார்கள். அவர்களில் நம் சபையாரும் உண்டு. இதை உங்களை வெட்கப்படுத்துவதற்காக எழுதவில்லை. நடந்ததை மறைத்துவிட்டு இந்தச் சிந்தனையை எழுத என்னால் இயலாது.

இது நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென வெளியிட்ட கையேட்டில், மூங்கில் குருத்து, நொதித்த சோயா போன்ற வாசனைமிக்க உணவுகளைச் சமைத்து அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அறிவுரை இருந்தது. தலைநகரத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான ஆலோசனையாம் அது! அதே தலைநகரத்துக்கு நம் பிள்ளைகள் படிக்கப் போய், அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் பிரிக்கவும் அஞ்சி வைத்திருந்ததை அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்து, கருவாடு சமைப்பவர்களுக்கு வீடு இல்லை என்ற சொல்லை இந்தச் சென்னையிலேயே கேட்டவர்கள்!

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். பேதுருவுக்கு வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியின் தரிசனத்தை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். அவர் அப்போது தங்கியிருந்த வீட்டைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. யோப்பா பட்டணத்தில் கடலோரத்தில் இருந்த, தோல் பதனிடுகிற சீமோனின் வீடு அது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தோல் ஆலைகள் இயங்கிய காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு அதன் வாசனை தெரியும். செத்த மிருகங்களைக் கையாளும் அந்தத் தொழிலை யூதர்கள் விலகி நின்றே பார்த்தார்கள். பேதுருவுக்கு அங்கே பசி உண்டாயிற்று. கீழே சமையல் நடந்துகொண்டிருந்தது. மேல்வீட்டில் தரிசனம் வந்தது. தோல் வாடையும் சமையல் மணமும் கலந்த அந்த வீட்டில்தான், எதையும் தீட்டென்று சொல்லாதே என்ற பாடம் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் செசரியாவுக்குப் போய் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டில் சில நாள் தங்கினார். அங்கே என்ன பரிமாறினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆயினும் எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு, அந்நியரோடு சாப்பிட்டாய் என்பதே. அதே பேதுரு பிற்பாடு அந்தியோகியாவில், மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அந்தப் பந்தியைவிட்டு விலகிப்போனதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். தரிசனம் கண்டவருக்கே இது எளிதாயிருக்கவில்லை.

மோரேயை நினைவில் வைக்கச் சொன்னேன். அங்கே நம்மவர்களே அந்நியர். மணிப்பூரின் மக்கள் நடுவில், இட்லியும் தோசையும் வார்த்துப் பிழைத்தார்கள். வடகிழக்கு மூலையில் சாம்பார் மணம் எழும்பியபோது, அது என்ன வாசனை என்று கேட்டு அவர்களை யாரும் அடித்துத் துரத்தியிருந்தால் இன்று அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் இருக்காது.

சகோதரிகளில் சிலர் அத்தோவை வீட்டில் செய்வது எப்படி என்று கேட்டீர்கள். அந்தத் தாயார் சொன்னபடி எழுதுகிறேன். பட்டையான கோதுமை நூடுல்ஸை வேகவைத்து வடித்து, எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். பூண்டை மெல்லிசாகச் சீவிச் சிறுதீயில் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். கருகினால் கசக்கும், ஆகவே சற்று முன்னதாகவே எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் சின்ன வெங்காயத்தைப் பொரியுங்கள். கடலை மாவை வெறும் சட்டியில் வாசனை வரும் மட்டும் வறுத்துக்கொள்ளுங்கள். புளித் தண்ணீர் கெட்டியாக இருக்கட்டும். பேஜோ கிடைக்காவிட்டால் நம் வீட்டுத் தட்டை போதும். எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசையுங்கள்; கரண்டி கூடாது என்று அந்தத் தாயார் கண்டிப்பாகச் சொன்னார்கள். வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கி, இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகோடு வேகவைத்து, சிறிது கடலை மாவு கரைத்துவிட்டால் சூப்பு தயார்.

வருகிற அறுப்பின் பண்டிகையில் வழக்கமான பிரியாணிக் கடையோடும் பலகாரக் கடையோடும் இந்த ஆண்டு இரண்டு கடைகள் கூடுதலாக வைக்கச் சபைக் கமிட்டியார் இசைந்திருக்கிறார்கள். ஒன்றில் அந்தத் தாயார் அத்தோ பிசைவார்கள். இத்தனை வருடம் கழித்து முதன்முறையாக ஙப்பி சேர்த்து. மற்றொன்று மணிப்பூர்ச் சகோதரிகளுக்கு. இரோம்பா செய்யலாமா, அல்லது வாசனை இல்லாத வேறு ஏதாவது செய்துவிடட்டுமா என்று அவர்கள் தயங்கிக் கேட்டார்கள். இரோம்பாவே செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு இன்னும் நிரந்தரமான வீடு அமையவில்லை. இரண்டு அறைகளும் தண்ணீர் வசதியும் உள்ள ஒரு வீடு உங்கள் தெருவில் காலியாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.