வில்லின் முதுகு

குமரி மாவட்டத்தில் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசாரி, வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் பழைய பனைமர வில்லைப் பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் பெரியவர்கள் மரத்தைப் பற்றிப் பேசினால் அது சுரங்கத்துக்குள் பாறையைத் தாங்கி நின்ற கட்டைகளைப் பற்றித்தான் இருக்கும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதோடு அந்தக் கட்டைகளை நிறுத்தத் தெரிந்த கைகளுக்கும் வேலை போயிற்று. பாரம் தாங்கும் மரத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்கு, இழுவை தாங்கும் மரத்தைப் பார்க்கும் ஆசை.

வில் ஆளைவிட நீளம். அதன் நடுப்பகுதி மண்குடத்தின் கழுத்தில் அமரும். நாண் மேலே நிற்கும். வீசுகோல் நாணில் விழுந்ததும் மணிகள் குலுங்கும். குடத்தோடு சேர்த்துக் கயிறு கட்டும் அந்த நடு இடம்தான் முதலில் தேய்கிறது.

பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிப்புறத்தில் கருத்த நார்கள் நெருங்கி வைரம் பாய்ந்திருக்கும். உள்ளே போகப் போகச் சோறு. அதனால் வெளிப்புறமே வில்லின் முதுகாக, அதாவது நாணுக்கு எதிர்ப்பக்கமாக, வரவேண்டும். நாண் ஏற்றினால் முதுகு இழுபடும், வயிறு நெரிபடும். முதுகில் ஒரு நார் அறுந்து சிராய் எழுந்தால் பிளவு அங்கிருந்தே ஓடும்.

"சிராயைப் பிய்க்கப்படாது தம்பி, படுக்க வைக்கணும்" என்றார் ஆசாரி. வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றிப் பழைய ஒட்டுத்துணியை இளக்கினார். தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். இன்றைய கெட்டிப் பசையாக இருந்தால் நாரையும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும். பிறகு சிராயின் அடியில் பசை விட்டு நூலால் இறுகச் சுற்றினார். அது காய்ந்த பிறகே பருத்தித் துணிப் பட்டை. பாவு நூல் வில்லின் நீளத்தோடு ஓட வேண்டும். கோணலாக வெட்டினால் துணி இழுவையில் பங்கெடுக்காது. இந்த ஒரு விஷயத்துக்காக அவர் துணியை நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

துருக்கியரும் முகலாயரும் வில்லின் முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டியதும் முதுகு இழுவையைத் தாங்க வேண்டும் என்ற இதே காரணத்துக்காகத்தான். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த ஆங்கில நெடுவிற்களில் யூ மரத்தின் வெளிறிய வெளிப்பகுதியே முதுகாக நின்று இழுவையைத் தாங்கியது.

"இரும்பு வில் இருக்கையில் இத்தனை பாடு எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இரும்புல சத்தம் இருக்கு. பனையில வர்ற கனம் இல்ல."

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018-இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனியைப் பற்றி நாம் நன்றியோடு பேசுகிறோம். அவர்களைப் போன்றோரின் வில்லைச் செப்பனிட்ட கைகளைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. கோயில் கொடைக் கணக்கில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை எழுதுகிறார்கள். வில் செப்பனிடவும் ஒரு தொகை எழுதும்படி ஊர்க் கமிட்டிகளிடம் கேட்க வேண்டும். அந்தக் கூலி ஒழுங்காக வந்தால்தான் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஆசாரியின் மருமகன் பட்டறைக்குத் திரும்புவான்.