ஓடும் வீடும் ஓயா மழையும்

நம் மொழியில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதன் குடியிருக்கும் மனையும் வீடு. பற்றனைத்தையும் துறந்து அவன் எய்தும் விடுதலையும் வீடு. கெடு என்பது கேடு ஆனது போல, விடு என்பது வீடு ஆயிற்று என இலக்கணம் கூறும். மனையோ விட முடியாதது. விடுதலையோ விட்டாலன்றிக் கிட்டாதது. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியைக் கண்டு வியக்கலாம். இவ்விரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிச்செல்ல முயலும் மக்களைக் கண்டால் என் செய்வது?

அத்தகையோர் ஐக்கிய அமெரிக்காவில் உளர். ‘ஆர்.வி.’ எனச் சுருக்கமாக வழங்கும் வண்டிவீடு அந்நாட்டுப் பெருந்தெருக்களில் எங்குங் காணப்படுவது. லொறியளவோ பஸ்ஸளவோ கொண்ட வண்டியொன்றினுள்ளே கட்டில், அடுப்பு, உணவு மேசை, மலசலகூடம் யாவும் அடங்கியிருக்கும். விடுமுறைக் காலத்தில் மட்டும் அதனைப் பயன்படுத்துவோரே பெரும்பாலார். எனினும், ஓய்வுபெற்ற பின்னர் மனையை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் அவ்வண்டியிலேயே வாழ்வோரும் உண்டு.

வாஷிங்டன் மாநிலத்து யக்கிமா பள்ளத்தாக்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் இருவர் இவ்வாறு வாழ எண்ணினர். கணவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர்; மனைவி நூலகமொன்றிற் பணிபுரிந்தவர். பிள்ளைகள் தூரத்து நகரங்களிற் குடியேறிவிட்டனர். நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டை விற்பதெனக் கணவர் துணிந்துவிட்டார். விற்பவை, பிறருக்குக் கொடுப்பவை, உடன் கொண்டுசெல்பவை என மூன்று பட்டியல்களும் எழுதி முடித்தார். மனைவி மறுக்கவுமில்லை, இணங்கவுமில்லை. ஒரு வாரம் வண்டியில் வாழ்ந்து பார்ப்பது, அதன் பின்னர் முடிவு செய்வது என்ற உடன்பாட்டுடன் ஓர் ஒக்டோபர் மாதத்தில் இருவரும் புறப்பட்டனர். ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் மூன்று நாள், சியாற்றில் நகரில் இரண்டு நாள், எஞ்சியவை வழியில் என்பது திட்டம்.

யக்கிமா வறண்ட நிலம். கஸ்கேட் மலைத்தொடரின் கீழ்ப்புறத்தே கிடப்பதால் ஆண்டிற்கு ஏறத்தாழ 8 அங்குல மழையே அங்குப் பெய்யும்; அப்பிள் தோட்டங்கள் வாய்க்கால் நீரால் வாழ்கின்றன. ஒலிம்பிக் குடாநாட்டின் மேற்குச் சரிவு இதற்கு நேர்மாறானது. பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, சுமந்துவந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகின்றது. ஹோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டிற்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 140 அங்குலமாகும். 101ஆம் இலக்கப் பெருந்தெருவை விட்டு வண்டி காட்டுப் பாதையில் திரும்பியபோது தொடங்கிய மழை, அடுத்த மூன்று நாளில் ஒரு பொழுதேனும் விட்டதாகச் சொல்ல முடியாது.

அங்குள்ள முகாமிடத்தில் வண்டிகளுக்கு மின்னிணைப்பு இல்லை. குழாய் நீரிணைப்பும் இல்லை. மின்கலத்தில் எஞ்சியிருப்பதைக் கணக்கிட்டே விளக்கேற்ற வேண்டும். நனைந்த மேலங்கிகளைத் தொங்கவிட்டதால் குளிக்கும் அறை குளிப்பதற்கு உதவாதாயிற்று. மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் சேர்ந்து கண்ணாடிகளில் நீராய் வழிந்தன. ஒருவர் நடக்க வேண்டுமெனில் மற்றவர் உட்கார வேண்டும். நிலையான வீட்டில் குழாயைத் திறப்பவன் நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என எண்ணுவதில்லை. வண்டியிலோ கழுவிய நீரும் கழித்த மலமும் காலின் கீழேயுள்ள தொட்டிகளில் நிறைந்துகொண்டே இருக்கும். தன் அழுக்கைத் தானே சுமந்து சென்று உரிய இடத்தில் கொட்ட வேண்டும்.

விடுதலை நாடிப் புறப்பட்ட கணவரே இக்கணக்குகளில் முதலிற் கட்டுண்டார். நாளில் பன்முறை தொட்டியின் அளவையும் மின்கலத்தின் அளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கிப் புறப்பட்ட மனைவியோ இரண்டாம் நாளிலேயே தன் இடத்தைக் கண்டுகொண்டார். சாளரத்தோரம் அமர்ந்து நூல் வாசித்தார். கூரையில் விழும் மழையொலியைக் கேட்டார். சிறிய அடுப்பில் கிழங்குச் சூப் காய்ச்சினார். வீட்டில் பல ஆண்டுகளாகத் தனித்தனி அறைகளில் மாலையைக் கழித்த இருவர், இங்கே ஒரே விளக்கின் கீழ் இருக்கலாயினர்.

மூன்றாம் நாள் இருவரும் மழையிலேயே காட்டினுள் நடந்தனர். சிற்கா ஸ்புரூஸ், ஹெம்லொக் மரங்கள் இருநூறு அடிக்கு மேலும் உயர்ந்து நின்றன. மேப்பிள் மரங்களின் கிளைகளிலிருந்து பாசி திரைபோலத் தொங்கியது. ஓரிடத்தில் பெருமரங்கள் பல, நூல் பிடித்து நட்டாற்போல ஒரே வரிசையில் நின்றன. நட்டவர் எவருமிலர். அக்காட்டின் தரை பாசியும் செடியும் அடர்ந்தது. விதை விழுந்தாலும் முளைத்து நிலைபெறுவது அரிது. பெருமரமொன்று சரிந்து கிடக்குமாயின் அதன் முதுகு தரையினின்றும் உயர்ந்த மேடையாகின்றது. அதன்மேல் விழும் விதைகள் அதன் ஈரத்தை உண்டு முளைக்கின்றன. வேர்கள் அதனைத் தழுவி மண்ணை நாடி இறங்குகின்றன. நெடுங்காலத்தின் பின் கிடந்த மரம் உக்கி மறைய, அதன்மேல் வளர்ந்தவை வரிசையாய் நிற்கின்றன. வேர்களின் கீழே அது கிடந்த இடம் மட்டும் வெறுமையாய் எஞ்சுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரை நாம் ‘செவிலிமரம்’ எனலாம். வீழ்ந்ததை அகற்றாது விட்டமையே அக்காட்டின் செல்வம்.

இவ்வாறு விட்டுவைப்பதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. மரம் வெட்டும் தொழில் செழித்த நாடு அது. 1909இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் இம்மலைப் பகுதியைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்தார்; அங்கு வாழும் எல்க் என்னும் பெரிய மானினம் அருகிவந்தமை அதற்கு முக்கிய காரணம். 1938 ஜூன் 29ஆம் நாள் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் ஒப்பமிட, அது தேசியப் பூங்காவாயிற்று. 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மானும் மரமும் தாமிருந்த இடத்திலேயே இருக்கலாம் என்பதற்கு அரசு எழுதிக் கொடுத்த உறுதி அது.

அவ்வுறுதி எல்லார்க்கும் கிடைக்கவில்லை என்பதை அடுத்த நாட்பயணம் காட்டிற்று. மலையைச் சுற்றி வடகிழக்கே வந்தால் ஸ்குவிம் என்னும் சிற்றூர். மலையின் மழைநிழலில் இருப்பதால் அங்கே ஆண்டு மழை 16 அங்குலமளவே. அங்கு வண்டியின் ஈரத்தை உலர்த்திக்கொண்டு பெயின்பிரிட்ஜ் தீவை அடைந்தனர். சியாற்றிலுக்குச் செல்லும் பாதைப்படகு அத்தீவிலிருந்தே புறப்படும். படகுக்கு நேரமிருந்தமையால், துறைமுகத்தின் மறுகரையிலுள்ள நினைவிடமொன்றைக் காணச் சென்றனர். தேவதாரு இனத்து மரப்பலகைகளாலான நீண்ட சுவர் அது. அதிலே பெயர்கள், குடும்பம் குடும்பமாக.

1942 பெப்ரவரி 19ஆம் நாள் பிராங்ளின் ரூஸ்வெல்ற் ஒப்பமிட்ட 9066ஆம் இலக்க ஆணையின்படி, அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்து யப்பானிய வம்சாவழியினர் தம் இல்லங்களினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். முதன்முதல் அகற்றப்பட்டோர் பெயின்பிரிட்ஜ் தீவினரே. ஆறு நாள் அவகாசம். கையில் தூக்கக்கூடியது மட்டுமே பொதி. மார்ச் 30ஆம் நாள் 227 பேர் அத்துறையில் படகேறிக் கலிபோர்னியாவின் மன்சனார் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காட்டுக்கு இருப்புரிமை வழங்கிய அதே கை, நான்காண்டு கழியுமுன் மனிதரின் இருப்புரிமையைப் பறித்தது. ‘இது மீண்டும் நிகழாதிருக்கட்டும்’ என்பதே அந்நினைவிடத்தின் பெயர். இன்று அதனைப் பேணுவோருள் தேசியப் பூங்காச் சேவையும் ஒன்று.

சியாற்றிலில் வண்டியை நிறுத்த இடம் காண்பது எளிதன்று. நகர்ப்புறத்தே வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்திவிட்டு, இருவரும் பஸ்ஸில் நகர் பார்க்கச் சென்றனர். 1962ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய 605 அடிக் கோபுரத்தின் மேலிருந்து மேற்கே நோக்கினர். தாம் விட்டுவந்த மலைகள் முகிலினுள் மறைந்திருந்தன. 1907இல் தொடங்கிய பைக் பிளேஸ் சந்தையில் மீனும் பூவும் வாங்குவோரின் ஆரவாரம். போருக்கு முன்னர் அங்கே மரக்கறி விற்ற கமக்காரருட் பெரும்பகுதியினர் யப்பானிய வம்சாவழியினர் என்றறிந்தபோது, தீவிற் கண்ட பெயர்கள் மீண்டும் நினைவில் எழுந்தன.

மறுநாள் பனாமா ஹோட்டலுக்குச் சென்றனர். 1910இல் எழுந்த அக்கட்டடம் பழைய யப்பானியர் குடியிருப்பில் உள்ளது. முகாமுக்குச் சென்ற குடும்பங்கள் தம் பெட்டிகளையும் தட்டுமுட்டுகளையும் அதன் நிலவறையில் ஒப்படைத்துச் சென்றன. உரியவர் வாராமையால் அவற்றுட் பல அங்கேயே எஞ்சின. தேநீர்ச்சாலைத் தரையிற் பதித்த கண்ணாடியினூடே அவற்றைக் காணலாம். கணவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். சட்டைப்பையில் அவருடைய மூன்று பட்டியல்கள் இருந்தன. கீழே கிடந்தவை எப்பட்டியலிலும் அடங்காதவை: விற்கப்படாதவை, கொடுக்கப்படாதவை, கொண்டுசெல்லவும் முடியாதவை. திரும்பிவருவோம் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டவை.

அன்றிரவு அதுபற்றி இருவரும் பேசவில்லை. ஊர் திரும்பும் வழியில், மலைக்கணவாயைக் கடந்து வானம் வெளுத்த இடத்தில், வீட்டை விற்கவேண்டியதில்லை என்று கணவர் கூறினார். அவ்வாறாயின் ஆண்டில் பாதியை வண்டியிற் கழிக்கத் தனக்குத் தடையில்லை என்றார் மனைவி. மழைநாட்கள் மூன்றும் தமக்குப் பிடித்திருந்தன என்றும் சொன்னார். திறப்பை அயலவரிடம் கொடுத்து வைப்பதென முடிவாயிற்று.

விற்றுவிட்டுச் செல்வோரைக் குறைகூற வேண்டியதில்லை. அது அவரவர் விருப்பம். அவ்விருப்பமே இங்குப் பொருளுடையது. சுமை குறைந்த வாழ்வு இனிதென்று துறவியரும் சொல்வர், சுற்றுலாப் பயணியரும் சொல்வர். ஆறு நாளில் ஒரு கைப்பொதியோடு புறப்பட்டவர்களின் சுமை எல்லாரிலும் குறைந்தது. அதனை எவரும் விடுதலை என்று சொல்லார். மனையை விடுவதற்கும் அதில் இருப்பதற்கும் உரிமை ஒருவனிடமே இருக்கும்போதுதான் வீடு என்னும் சொல்லின் இரு பொருளும் அவனுக்கு உரியனவாகும்.