நான்கு திருகுகளுக்கு முன்னால்

எலெக்ட்ரிக் கிட்டார் பிரியர்களிடம் கேட்டால், நான்கு திருகுகளில் கழற்றி மாட்டும் நெக் லியோ ஃபெண்டரின் மூளையில் உதித்தது என்று அடித்துச் சொல்வார்கள். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். கெட்டதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பழகிய வேலை. கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்கு உறுத்தியதும் அந்தக் கச்சிதம்தான்.

தேடியதில் முதலில் அகப்பட்டது ரிக்கன்பேக்கர் 1935இல் கொண்டுவந்த ‘மாடல் பி’. பேக்கலைட்டில் வார்த்த கிட்டார். பாடி தனி, நெக் தனி, இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஃபெண்டரின் எஸ்கொயர் கிட்டாருக்கு அது 15 ஆண்டு மூத்தது. போதாக்குறைக்கு, ரிக்கன்பேக்கருக்காக ‘வைப்ரோலா’ என்ற வைப்ரேட்டோ சாதனத்தை வடிவமைத்த டாக் காஃப்மன், பின்னால் லியோவுடன் சேர்ந்து ‘கே அண்ட் எஃப்’ நிறுவனத்தை நடத்தியவர். ஆள் பிடிபட்டார் என்றே நினைத்தேன்.

மாடல் பி-யின் நெக்கை உற்றுப் பார்த்ததும் வழக்கு ஆட்டம் கண்டது. அதில் ஃப்ரெட்டுகளும் பேக்கலைட்டோடு ஒன்றாய் வார்த்தவை. தேய்ந்தால் பிடுங்கி வேறு அடிக்க வழியில்லை. நெக் கழல்வது என்று பார்த்தால், பாஞ்சோவில் அது அதற்கும் முந்தைய சங்கதி. ‘முதலில் யார்’ என்ற கேள்வியை அத்தோடு விட்டேன். நெக்கை மாற்ற வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதே சுவாரசியமாகப் பட்டது.

1950இல் வந்த முதல் எஸ்கொயர்களில் ட்ரஸ் ராட் கிடையாது. உறுதியான மேப்பிளுக்குள் இரும்புக் கம்பி எதற்கு என்பது லியோவின் எண்ணம். தந்திகளின் இழுப்பில் நெக்குகள் வளைந்தன. மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பி உள்ளே போனது. நெக்கின் பின்புறம் காடி வெட்டிக் கம்பியை இறக்கி, வால்நட் பட்டை வைத்து அடைத்தார்கள். அந்தப் பழுப்புக் கோடு இன்றைய ஒற்றை மேப்பிள் நெக்குகளிலும் தெரிகிறது.

ஒரு கிட்டாரின் நெக் இன்னொன்றில் பொருந்தக் காரணம், டெலிகாஸ்டரிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் ஃபெண்டர் விடாமல் பிடித்துக்கொண்ட 25.5 அங்குல ஸ்கேல், அதாவது அதிரும் தந்தியின் நீளம். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்துத் தள்ளினால், 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 12.75 அங்குலத்தில் விழும். பழைய கைவினைஞர்களைப் போல 18ஆல் வகுத்தால், அது 2 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிடும்.

இந்த ஒழுங்கை எரிக் கிளாப்டன் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். 1970இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’ என்ற கிட்டாரை உருவாக்கினார். 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது.

மாற்று நெக் செய்யவோ வாங்கவோ போகிறவர்கள் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை டேப் பிடிக்காதீர்கள். சுருதிக்காக சேடில்களை நகர்த்தியிருப்பார்கள். ஸ்கேல் தெரிய, நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். நெக் பாடியில் உட்காரும் ஹீலின் அகலத்தையும் நுனியையும் பாருங்கள்: டெலிகாஸ்டருக்கு நேர்வெட்டு, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு வளைவு.