பேரைச் சொன்னா திரும்பலையே!

எங்க அக்கா பையனோட முதல் பிறந்தநாள் வீடியோவை எடுத்தது நான்தான். குறிஞ்சிப்பாடியில எங்க வீட்டு ஹால்... பலூன், கேக், சொந்தக்காரக் கூட்டம். எல்லோரும் அவன் பேரைச் சொல்லிக் கத்துறாங்க. மாப்ளே ஒரு தடவைகூடத் திரும்பலை. சுத்துற ஃபேனையே பார்த்துக்கிட்டிருக்கான். 'மாமா மாதிரியே மெக்கானிக்கல் இன்ஜினீயர்டா!'ன்னு ஒரே கிண்டல்.

ரெண்டு வயசாகியும் பேச்சு வரலை. காதுல கோளாறோ? தெருவுல தறிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவானே! அதனால காது ஓகேன்னு நாங்களே தீர்ப்பு எழுதிட்டோம். ஆயா நாக்குல வசம்பு தடவினாங்க. 'குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலைடா'ன்னு திருச்செந்தூருக்கும் வேண்டிக்கிட்டாங்க. 'ஆம்பளைப் புள்ள லேட்டாதான் பேசும்' - இது பக்கத்து வீடு. ஒரு டாக்டரும் 'மூணு வயசு வரை பாருங்க'ன்னுட்டார்.

எல்லோரும் பேச்சுக்காகவே காத்திருந்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம். வாய் பேசுறதுக்கு முன்னாடியே குழந்தையோட விரல் பேசிடும். ஒண்ணு, ஒன்றரை வயசுல காக்காவைக் கை நீட்டிக் காட்டும். நாம பார்க்கிறோமான்னு நம்ம முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பிஸ்கட் வேணும்னு கேட்கிறது வேற, 'அதைப் பாரேன்'னு சும்மா காட்டுறது வேற. மாப்ளேகிட்ட ரெண்டாவது இல்லவே இல்லை. பிஸ்கட் வேணும்னாகூட என் கையைப் பிடிச்சு இழுத்து டப்பா மேல வைப்பான். என்னவோ என் கை ஒரு ஸ்பேனர் மாதிரி!

செமினாருக்காக எதையோ தேடும்போதுதான் அந்த ஆராய்ச்சி கண்ணுல பட்டது. 1994-ல் அமெரிக்காவில் ஆஸ்டர்லிங், டாசன்னு ரெண்டு பேர், முதல் பிறந்தநாள் வீடியோக்களையே எடுத்து ஆராய்ஞ்சிருக்காங்க. பின்னாடி ஆட்டிசம்னு தெரியவந்த 11 குழந்தைகள், மத்த குழந்தைகள் 11 பேர். முகம் பார்க்கிறது, பொருளைக் காட்டுறது, விரல் நீட்டுறது, பேருக்குத் திரும்புறது... இந்த நாலை வெச்சே பெரும்பாலும் பிரிச்சுச் சொல்ல முடிஞ்சதாம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

பழைய வீடியோவைத் தேடி எடுத்தேன். அக்காகிட்ட காட்ட ரெண்டு நாள் தைரியம் வரலை. காட்டினப்போ கடைசி வரைக்கும் பேசாம பார்த்துச்சு. அப்புறம், 'நான் சரியா வளர்க்கலையாடா?'ன்னு கேட்டுச்சே பார்க்கணும்...

அம்மாவோட பாசம் போதலைன்னு ஒருகாலத்துல டாக்டர்களே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆட்டிசம் உள்ள பையனோட அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட்ங்கிற சைக்காலஜிஸ்ட், 1964-ல் புத்தகமே எழுதி அதை உடைச்சார். பிறவியிலேயே மூளை வளர்ற விதம் வேற, அவ்வளவுதான்னு அக்காகிட்ட சொன்னேன். நம்புச்சான்னு தெரியலை.

ஒரு விஷயம். பேருக்குத் திரும்பாத குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம்னு நீங்களே முத்திரை குத்திடாதீங்க. முதல்ல காதை டெஸ்ட் பண்ணணும். எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்குமான குழந்தைகளுக்கு 'எம்-சாட்'னு 20 கேள்வி இருக்கு. அது சல்லடை மட்டும்தான், முடிவை டாக்டர் சொல்லணும். 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்துல டாக்டர் டீம் அங்கன்வாடிக்கே வந்து பார்க்குது. அவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்றதுதான் நம்ம வேலை.

இப்போ அக்கா அவனைத் தூக்கிக்கிட்டு பயிற்சிக்காகக் கடலூருக்கு பஸ் ஏறுது. போன வாரம் வேணும்னே ஃபேனை ஆஃப் பண்ணினேன். மாப்ளே வழக்கம்போல என் கையைப் பிடிச்சு சுவிட்ச்கிட்ட இழுத்தான். அப்புறம், ஒரே ஒரு செகண்ட், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

'அக்கா, ஓடி வாயேன்!'னு கத்தினேன். வீடியோ எடுக்கணும்னு தோணவே இல்லை.