நம் சாலைக்கு ஏற்ற ஹெட்



நம் சபை வாலிபர் ஒருவர் தம்முடைய பழைய மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினை வலிமையாக்க விரும்பினார். எந்தச் சிலிண்டர் ஹெட்டைத் தெரிந்துகொள்வது என்று கேட்க, கடந்த வாரம் இராஜபாளையத்திலுள்ள ஒரு பட்டறைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

இன்ஜின் மூச்சு விடுவது ஹெட்டின் வழியாகவே. ஹெட் மாறினால் காரின் குணமே மாறிவிடும். 8 வால்வு ஹெட்டோடு 65 குதிரைத்திறன் தந்த எஸ்டீம் இன்ஜின், 1298 சி.சி. அளவு மாறாமலே, 16 வால்வு ஹெட்டும் எம்.பி.எஃப்.ஐ. முறையும் பெற்றபோது 85 குதிரைத்திறன் தந்தது. வாலிபரோ அதற்கும் மேலாக, காற்று வழிகளை மிக அகலமாகக் குடைந்த பந்தய ஹெட்டையே நாடினார். அதற்கென்று பணமும் சேர்த்து வைத்திருந்தார்.

பட்டறை அண்ணாச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, வண்டியை எங்க ஓட்டப் போறீங்க?"

"தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குத்தான், அண்ணாச்சி."

அவர் பொறுமையாக விளக்கினார். அகன்ற வழி, இன்ஜின் நிமிடத்திற்கு 6000, 7000 சுற்றில் பாயும்போதுதான் பலன் தரும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்தில் அது சிறப்பே. ஆனால் பேருந்துக்கும் லாரிக்கும் பின்னால் 2000 சுற்றில் ஊர்ந்து செல்கையில், அகன்ற வழியில் காற்றின் வேகம் தளர்ந்துவிடும், பெட்ரோலோடு சரிவரக் கலவாது, இழுவை குன்றும். ஹெட்டை அளவுக்கு மீறி இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டினாலோ, சாதாரண பெட்ரோலில் இன்ஜின் நாக்கிங் அடிக்கும்.

அங்கே நின்றபோது என் உள்ளம் குத்துண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகரச் சபையின் ஆராதனையைக் கண்டு வந்து, நம் சிற்றாலயத்திலும் பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தினேன். கைத்தாளத்தோடு கீர்த்தனையைத் தொடங்கிவைக்கும் நம் முதிய தாய்மாரின் குரல் அடங்கிப்போயிற்று. அதை நான் உணர ஓராண்டு ஆயிற்று. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர்களில் ஒருவர் அதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சவுல் அணிவித்த போர்க்கவசம் மட்டமானதன்று, அரசனுக்குரியது. ஆயினும் தாவீதால் அதை அணிந்து நடக்க இயலவில்லை. அதைக் களைந்துவிட்டு, தான் பழகிய கவணையும் ஆற்றின் ஐந்து கற்களையும் எடுத்துக்கொண்டான்.

வாலிபர் பழைய 8 வால்வு ஹெட்டையே வைத்துக்கொண்டார். வால்வு சீட்டுகளைச் சீராக்கி, ஹெட்டின் தளத்தைச் சமப்படுத்தி, புதிய கேஸ்கட் போட்டார்கள். ஞாயிறன்று அந்தக் காரில்தான் நான் ஆலயத்துக்கு வந்தேன். கூட்ட நெரிசலிலும் திணறாமல் இழுத்தது.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்கள் ஏங்கி நிற்பது எது? பிள்ளையின் படிப்போ, வீடோ, ஊழியமோ, எதுவாயினும் அது பெரியதா என்று கேளாதிருங்கள். தேவன் உங்களை நடத்தும் சாலைக்கு அது ஏற்றதா என்று கேளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களுக்குத் தெளிந்த புத்தியை அருள்வாராக. ஆமென்.